டிசம்பர் முப்பத்தொன்றுக்கு முன்

சோஹார், ஓமன்
6.9.2013, வெள்ளி

சுபிதாவுக்கு,

போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. அன்றைக்கு நான் கத்தியதை அறையில் இருந்த ஐந்து பேரும் கேட்டார்கள். போனை வைத்த பிறகு ஒவ்வொருவனும் தன் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டான். நம் ஊர்ப் பக்கத்து இஸ்ரவேல் மட்டும் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, "மக்கா, கொஞ்சம் வெள்ளம் குடி" என்று பாட்டிலை நீட்டினான். அந்த இரக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது.

அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பேங்க்காரன் ஆரல்வாய்மொழியில் அவருடைய சைக்கிள் சாமான் கடைக்கே வந்து உன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். மூன்று லட்சத்து அறுபதாயிரம் படிப்புக் கடன், அதற்கு மேல் வட்டி. நாம் கல்யாணம் முடித்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்கு இது கடைக்கு வந்த வாடிக்கைக்காரர்களுக்குப் பிறகுதான் தெரிகிறது.

பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பாவிடம் கேட்டது நான்தான். "நர்சிங் படிக்க வைக்க நெறய செலவாயிருக்குமே. கடன் கிடன் ஏதாவது உண்டுமா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல மக்கா, எல்லாம் ரொக்கமா கெட்டியாச்சு" என்றார். நீ கதவுக்கு அந்தப் பக்கம் சாயாத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். உன் கையும் வளையலும் எனக்குத் தெரிந்தன.

உண்டு என்று சொல்லியிருந்தாலும் நான் கட்டியிருப்பேன். வேண்டாம் என்று எழுந்து போகிற ஆளாகவா உனக்குத் தோன்றினேன்? அதன் பிறகு ஆறு மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். ஒரு நாள்கூடச் சொல்லத் தோன்றவில்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

சிவபிரசாத்

திருவட்டாறு
24.9.2013

அத்தானுக்கு,

கேட்டதற்கு மட்டும் பதில் எழுதச் சொன்னீர்கள். அப்படி எழுத எனக்குத் தெரியவில்லை.

2007இல் மங்களூரில் சீட் கிடைத்தது. பேங்கில், நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் இல்லாமல் தருவோம், அதைத் தாண்டினால் வெளியாள் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். ரப்பர் வெட்டப் போகிறவருக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? அப்பா இரண்டு வாரம் அலைந்தார். கடைசியில் பேங்கில் ஜாமீன் இல்லாமல் தர ஒப்புக்கொண்ட மூன்று அறுபதோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்கு அம்மா விட்டுப்போன சங்கிலியை விற்றார். படிப்பு முடிந்ததும் மார்த்தாண்டத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் ஏழாயிரம். அதில் மாதம் இரண்டாயிரம் வீதம் பதினோரு மாதம் கட்டினேன். அப்போதுதான் உங்கள் வீட்டிலிருந்து வந்தீர்கள்.

தட்டோடு நின்றது உண்மை. அப்பா பொய் சொன்னபோது எனக்கும் திடுக்கென்றது. உள்ளே வந்து, "அது பொய், கடன் உண்டு" என்று சொல்ல வேண்டுமானால் அப்பாவை உங்கள் எல்லோர் முன்னாலும் பொய்யர் ஆக்க வேண்டும். எனக்கு அது முடியவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே இருப்பேன், யாருக்கும் தெரியாமல் நானே அடைத்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். நிச்சயம் முடிந்த பிறகுதான் மாமா, "எங்க வீட்டுப் பிள்ள ராத்திரி டூட்டி பாக்கண்டாம்" என்றார்.

கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் உங்களிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வேலைக்குப் போகட்டுமா என்று. "அப்பாகிட்ட நான் சொல்லுகேன்" என்றீர்கள். ஆறு மாதம் காத்திருந்தேன். நீங்கள் ஓமனுக்குப் போய்விட்டீர்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. பேங்க்காரர் வந்தபோது மாமாவுக்கு மத்தியானச் சோறு கொண்டு நான் கடைவாசலில்தான் நின்றேன். "சுபிதான்னு இங்க ஆரு?" என்று அவர் கேட்டார். மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, "இந்த வீட்ல அப்படி ஒரு ஆளு கெடயாது" என்றார். தூக்குவாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். வீட்டுக்குப் போனபோது மாமி என் சேலைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. பஸ்ஸுக்கு என்று ஐம்பது ரூபாய் கையில் தந்தார்.

மீதம் முப்பத்தொரு ரூபாய் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

சுபிதா

சோஹார்
18.10.2013, வெள்ளி

சுபிதாவுக்கு,

அப்பாவிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மறக்கவில்லை. அப்பாவிடம் நான் எதையும் கேட்டுப் பழகவில்லை. இங்கே வருவதற்கு முன் காற்றாலைக் கம்பெனியில் எழுபது மீட்டர் உயரம் ஏறி நட்டு முறுக்கியவனுக்கு என்ன பயம் என்று ஊரில் கேட்பார்கள். மேலே ஏறப் பயமில்லை. கீழே வீட்டுக்குள் நுழையும்போதுதான்.

ஆனால் அதுவும் இதுவும் ஒன்றல்ல. நான் செய்தது கோழைத்தனம். நீயும் உன் அப்பாவும் செய்தது ஏமாற்று. இப்படி எழுதுவது உனக்கு வலிக்கும், தெரியும். இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

டிசம்பரில் லீவு உண்டு. வருகிறேன். நேரில் பேசுவோம். அதுவரை நீ ஆரல்வாய்மொழிக்குப் போக வேண்டாம். அப்பா இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும் நாள். மாடியில் எட்டுக் கொடி கட்டியிருக்கிறது. எல்லாம் ஒரே நீல யூனிபார்ம். யாருடையது எது என்று காலரில் எழுதிய நம்பரைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். என் நம்பர் 114.

சிவபிரசாத்

திருவட்டாறு
10.11.2013

அத்தானுக்கு,

நீங்கள் எழுதிய வார்த்தையை நான் ஒதுக்கவில்லை. ஏமாற்றுதான்.

அப்பாவுக்கு அந்தக் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்துவிட்டது. போன வியாழக்கிழமை என்னிடம் சொல்லாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழிக்குப் போயிருக்கிறார், மாமாவிடம் மன்னிப்புக் கேட்க. மாமா கடையில் இருந்தாராம். அப்பா ஓரமாக நின்றிருக்கிறார். ஆட்கள் வருகிறார்கள், பேரிங் கேட்கிறார்கள், செயின் கேட்கிறார்கள், மாமா எடுத்துக் கொடுக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அப்பா பக்கம் திரும்பி, "ஒமக்கு என்ன சாமான் வேணும்?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? சைக்கிளுக்கு வால்வ் டியூப் ஒன்று தாரும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் சைக்கிள் இல்லை.

"என்னத்துக்கு அப்பா போனிய?" என்று கேட்டேன். "நான் சொன்ன பொய்க்கு நான்தானே பிள்ளே போகணும்" என்றார். மறுநாள் ரப்பர் வெட்டப் போகவில்லை. மழை என்று சொன்னார். மழை இல்லை.

நாகர்கோவிலில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் கேட்டிருக்கிறேன். வேலை கிடைத்தால் போவேன். இதை உங்களிடம் அனுமதியாகக் கேட்கவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

டிசம்பரில் எந்தத் தேதி? என்னைப் பார்க்க வருகிறீர்களா, இல்லை உறவைத் தீர்த்து விடுவதற்கு வருகிறீர்களா? எதுவானாலும் எழுதுங்கள். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம்.

சுபிதா

சோஹார்
3.1.2014, வெள்ளி

சுபிதாவுக்கு,

டிசம்பரில் வரவில்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வர முடியவில்லை. கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 2016 ஜனவரி வரை. ஏன் என்று கேட்காதே.

தீர்க்கும் எண்ணம் எனக்கு இல்லை. வேறு எதுவும் இப்போது எழுத முடியவில்லை.

இஸ்ரவேல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருக்கிறான். அவன் கட்டில் காலியாகக் கிடக்கிறது. காலை நாலரைக்கு அவன் அலாரம் இல்லாமல் நானே எழுந்துவிடுகிறேன்.

வேலை கிடைத்ததா?

சிவபிரசாத்

நாகர்கோவில்
30.3.2014

அத்தானுக்கு,

உங்கள் ஜனவரிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. ஏன் என்று கேட்காதே என்று எழுதிவிட்டவரிடம் வேறென்ன கேட்பது? ஜனவரி கடைசியில் இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எட்டாயிரத்து ஐந்நூறு. கிருஷ்ணன்கோவிலில் ஒரு மாடி அறை, வாடகை ஆயிரத்து ஐந்நூறு. உங்களோடு எனக்கு இனி ஒன்றுமில்லை என்று மனதைப் பழக்கிக்கொண்டிருந்தேன். அது ஒரு அளவுக்குப் பழகியும் வந்தது.

போன மாதம் டூட்டி அறையில் கிடந்த பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். 2009 மார்ச்சுக்கு முன்னால் படிப்புக் கடன் வாங்கியவர்களுக்கு, படித்த காலத்து வட்டியை மத்திய சர்க்கார் ஏற்றுக்கொள்ளுமாம். போன டிசம்பர் முப்பத்தொன்று அன்று நிற்கிற வட்டிப் பாக்கி அவ்வளவும் தள்ளுபடி. என் கடன் 2007. மூன்று தடவை படித்தேன். கூட வேலை பார்க்கும் ஜெபகுமாரியிடம் படிக்கக் கொடுத்து, நான் படித்தது சரிதானா என்று கேட்டேன். அவளுக்கும் அதே வருஷத்துக் கடன்தான், ஒரு பைசா கட்டியதில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பேங்குக்குப் போனேன். பேப்பரையும் எடுத்துப் போயிருந்தேன். அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். சர்க்குலர் வந்திருக்கிறது என்றார். கம்ப்யூட்டரைத் தட்டினார். பிறகு திரும்பவும் தட்டினார்.

"ஒங்களுக்கு வராதும்மா" என்றார்.

"ஏன் சார்? 2007 லோன்தானே?"

"லோன் சரிதான். ஆனா டிசம்பர் முப்பத்தொண்ணுல ஒங்க கணக்குல வட்டிப் பாக்கி இல்லியே. இருபத்தி மூணாம் தேதி மொத்தமா கெட்டியாச்சு. ஒரு லட்சத்து நாப்பத்தெட்டாயிரம்."

"நான் கெட்டலியே சார்."

அவர் பணம் கட்டிய சீட்டை எடுத்துவரச் சொல்லிக் காட்டினார். கட்டியவர் பெயர் இஸ்ரவேல் என்று இருந்தது. அடியில் உங்கள் ஓமன் நம்பர்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வெளியே படியில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. காவல்காரர் வந்து, "பிள்ளே, என்னத்துக்கு கெடந்து கரையுக?" என்று கேட்டபோதுதான் அழுகிறேன் என்பதே தெரிந்தது. எதற்கு அழுதேன் என்று அவருக்கு எப்படிச் சொல்ல? எனக்காக ஒருவர் இரண்டு வருஷத்தை விற்றிருக்கிறார் என்பதற்கா, இல்லை எட்டு நாள் பொறுத்திருந்தால் அதை விற்க வேண்டியிருக்காது என்பதற்கா? உங்களுக்கு இது தெரியுமா, தெரியாதா என்று வேறு.

இதை உங்களுக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். கட்டியதற்கு நன்றி என்று மட்டும் எழுதினால் நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள். ஆனால் அப்பாவுக்கு வலிக்கும் என்று ஒரு தடவை வாயை மூடியதற்குத்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் எழுதுகிறேன். அந்தப் பணம் போயிருக்கவே வேண்டாம் அத்தான்.

சுபிதா

சோஹார்
18.4.2014, வெள்ளி

சுபிதாவுக்கு,

நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.

எனக்குத் தெரியாது. இங்கே யாரும் அந்தச் செய்தியைப் படிக்கவில்லை. ஐந்நூறு ரியால் என் சேமிப்பு. மீதிக்குக் கம்பெனியில் முன்பணம் வாங்கினேன். அதற்கு ஈடாகத்தான் அந்தக் கையெழுத்து. இப்போது யாரிடம் போய்க் கேட்பது? கட்டாதவனுக்கு விட்டுக் கொடுத்தார்கள். கட்டியவன் மடையன்.

இன்று பெரிய வெள்ளி. இஸ்ரவேல் உபவாசம். அவனிடம் சொன்னேன். அவன், "நான் அன்னைக்கு ஆட்டோ பிடிக்காம இருந்திருந்தா நல்லா இருந்திருக்குமே மக்கா" என்றான். அன்று குலசேகரத்தில் பஸ் தவறிப்போய் ஆட்டோ பிடித்துப் பேங்க் மூடுவதற்குள் ஓடினானாம். அதற்கு அவனை நான் அப்போது எவ்வளவு புகழ்ந்தேன்.

உன் மேல் கோபம் இல்லை. யார் மேல் என்று தெரியாத கோபம்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கடிதம் எழுதக் கூடாது. நிறுத்துகிறேன்.

சிவபிரசாத்

நாகர்கோவில்
4.5.2014

அத்தானுக்கு,

ஜெபகுமாரிக்கு ஒரு லட்சத்து எழுபதாயிரம் தள்ளுபடியாகிவிட்டது. வார்டு முழுக்க லட்டு கொடுத்தாள். நானும் ஒன்று எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் மேல் எனக்குப் பொறாமை வந்தது, அதை மறைக்க மாட்டேன். அன்று முழுக்க அவளோடு சரியாகப் பேசவில்லை.

அசல் அப்படியே நிற்கிறது. மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு வீதம் நான் கட்டத் தொடங்கிவிட்டேன். வாடகையும் போனால் மீதி ஆயிரத்து ஐந்நூறு. மத்தியானச் சாப்பாடு ஆஸ்பத்திரியில் தருகிறார்கள். காலையில் நடந்து போகிறேன். நீங்கள் இதில் இனி ஒரு ரியால்கூடப் போட வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. இது என் கையெழுத்து, நானே முடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஏன் என்று கேட்காதே என்றீர்கள், இவ்வளவு நாள் கேட்கவில்லை. கட்டினீர்கள், சரி. எனக்குச் சொல்லாமல் ஏன் கட்டினீர்கள்? டிசம்பரில் வருகிறேன் என்று எழுதிய ஆள், அந்த ஐந்நூறு ரியாலில் டிக்கெட் எடுத்து வந்து எதிரில் நின்றிருந்தால் எனக்கு அது போதாதா? பேங்குக்குப் பாக்கி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு இங்கே பேச ஒரு ஆள் இல்லை. வார்டில் அறுபது பேரிடம் பேசுகிறேன், அறைக்கு வந்தால் காலை வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

சுபிதா

சோஹார்
23.5.2014, வெள்ளி

சுபிதா,

உன் கேள்விக்கு இரண்டு வெள்ளிக்கிழமையாகப் பதில் எழுதிப் பார்க்கிறேன்.

குடும்ப மானத்துக்காகக் கட்டினேன் என்று எழுதினேன். பேங்க்காரன் மறுபடியும் அப்பா கடைக்கு வரக்கூடாது என்று எழுதினேன். உன் மேல் உள்ள பிரியத்தில் என்றும் எழுதினேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தால் அவை எதுவும் நிற்கவில்லை.

டிசம்பரில் வர எனக்குப் பயமாக இருந்தது. உன் அப்பா வால்வ் டியூப் வாங்கிக்கொண்டு போனதைப் படித்த அன்றே அந்தப் பயம் தொடங்கியது. வந்தால் நான் ஆரல்வாய்மொழியில் இறங்க வேண்டும். அப்பா முன்னால் போய் நின்று, அவள் வேலைக்குப் போவாள், அவளை அன்று அப்படிச் சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். அது எனக்கு வராது. உன் எதிரில் வந்து சும்மா நிற்கவும் முடியாது. பணத்தைக் கட்டிவிட்டு இங்கேயே இருந்துவிட்டால் இரண்டும் வேண்டாம் என்று தோன்றியது. நல்ல காரியம் செய்தது போலவும் இருக்கும். இஸ்ரவேல் கையில் பணத்தைக் கொடுத்தபோது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அதை இப்போதுதான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

இந்த வாரம் கேம்ப் மேனேஜரிடம் போய் நின்றேன். சம்பளம் இல்லாமல் பதினைந்து நாள் தருகிறேன் என்றான். டிக்கெட்டுக்கு இஸ்ரவேல் கடன் தந்தான். ஜூன் 24, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குத் திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். ஜூலை 8 திரும்ப வேண்டும். அதன் பிறகு 2016 வரை லீவு இல்லை.

நேற்று அப்பாவுக்குப் போன் போட்டேன். நேராக நாகர்கோவிலுக்கு உன்னிடம்தான் போகிறேன் என்றேன். அவள் வேலையில் இருக்கிறாள், நான்தான் போகச் சொன்னேன் என்றேன். அது பொய்தான், நீ என்னிடம் கேட்கவே இல்லை.

"அப்ப இஞ்ச வரண்டாம்" என்றார்.

"வருவேன். அவளும் வருவா. கடைக்கே வருவோம்" என்றேன்.

பின்னால் அம்மா, "எந்த தேதி? எந்த தேதின்னு கேளுங்கோ" என்று சொல்வது மட்டும் கேட்டது. அவர் கேட்கவில்லை. வைத்துவிட்டார்.

நான் உன் அறைக்கு வரலாமா? வேண்டாம் என்றால் எழுது, ஊரில் எங்காவது தங்கிக்கொண்டு நீ சொல்லும் நேரத்தில் வந்து பார்க்கிறேன்.

சிவா

நாகர்கோவில்
6.6.2014

அத்தானுக்கு,

ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். கிளம்பும் முன் கிடைத்துவிடும்.

நீங்கள் வரவில்லை என்று ஜனவரியில் தெரிந்த அன்று நான் அழுதேன் என்று நினைத்திருப்பீர்கள். அழவில்லை. எனக்கும் ஒரு நிம்மதி வந்தது. இனி யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாமே என்று. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

விமான நிலையத்துக்கு வர முடியாது. அன்று எனக்குக் காலை டூட்டி. மாற்றிக் கேட்டேன், தரவில்லை. திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டிலிருந்து நாகர்கோவில் பஸ் அடிக்கடி உண்டு. வடசேரியில் இறங்கி ஆட்டோ ஏறினால் நாற்பது ரூபாய் கேட்பான், முப்பது கொடுத்தால் போதும். கிருஷ்ணன்கோவிலில் லீலாபாய் தையல் கடை என்று கேளுங்கள். கடைக்கு மேல்தான் என் அறை. சாவி லீலாபாய் அக்காவிடம் இருக்கும். என் வீட்டுக்காரர் வருகிறார் என்று சொல்லியிருக்கிறேன். "வீட்டுக்காரரு உண்டுமா ஒனக்கு!" என்று கேட்டுவிட்டு, பிறகு என்ன நினைத்தாளோ, ஜன்னலுக்கு ஒரு திரை தைத்துத் தந்தாள். காசு வாங்கவில்லை.

பதினைந்து நாளும் கடனைப் பேசாமல் இருக்க நம்மால் முடியாது. முதல் நாளே பேசி முடித்துவிடுவோம். ஆரல்வாய்மொழிக்கு எப்போது போவது என்று பிறகு பார்க்கலாம். மாமா கடையில் நானும் ஒரு மணி நேரம் நிற்கத் தயார். நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்கு முன் ஒரு நாள் திருவட்டாறுக்கு வாருங்கள். அப்பா உங்களை எப்படிப் பார்ப்பார் என்று தெரியாது. ஒருவேளை ரப்பர் தோட்டத்துக்குள் போய் ஒளிந்துகொள்வார். நீங்கள்தான் போய்க் கூப்பிட வேண்டும்.

அறை சிறியது. சோறும் புளிக்கறியும் அடுப்பு மேல் மூடி வைத்திருப்பேன். ஃபேன் மூன்றாம் நம்பரில் மட்டும்தான் சுற்றும். எனக்கு மூன்று மணிக்கு டூட்டி முடியும், மூன்றரைக்கு வந்துவிடுவேன். களைப்பாக இருந்தால் தூங்குங்கள். ஆனால் உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம், அது இறுகிப்போயிருக்கிறது, போட்டால் திறக்க வராது. கதவைச் சாத்தி வைத்தால் போதும்.

சுபிதா